மணிக்கட்டு எலும்பு முறிந்த பிறகு கைக்குப் பழைய பலம் வருவது எப்படி?

மாவுக்கட்டைப் பிரித்ததும் கை சூம்பிப்போய்த் தெரிகிறதே, எப்போது எடை தூக்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். வேலை இல்லாத தசை இளைத்துவிடும், அதுதான் தசை மெலிவு. மணிக்கட்டு முறிவுக்குப் பெரும்பாலும் 6 வாரம் கட்டு இருக்கும். அதற்குள் முன்கைத் தசை மெலிந்து மூட்டும் இறுகிவிடும், எலும்பு கூடியிருந்தாலும் முழு உறுதி வர இன்னும் சில மாதம் ஆகும். தளம் போட்டு சென்ட்ரிங் பிரித்த அன்றைக்கே மேலே தண்ணீர்த் தொட்டியை ஏற்றுவோமா? அதே கணக்குதான்.

அதனால் முதலில் அசைவு, அப்புறம்தான் பலம். வெதுவெதுப்பான தண்ணீரில் மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குங்கள், உள்ளங்கையை வானம் பார்க்க, தரை பார்க்கத் திருப்புங்கள். இந்தத் திருப்பலைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், சாவி போட்டுத் திறக்கவே இது வேண்டும்! எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு ஸ்பாஞ்சைப் பிழிவது, பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக உயர்த்தி இறக்குவது. தண்டால், குடம் தூக்குவது எல்லாம் கடைசியில். லேசான இழுப்பு சகஜம். மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் அளவைக் குறையுங்கள்.

எண்ணெய் போட்டு நீவினாலே பலம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தசை வளர அது தானே வேலை செய்தாக வேண்டும், புதிதாகக் கூடிய எலும்பின் மேல் அழுத்தி நீவுவது ஆபத்தும்கூட.