வெள்ளாடை தந்த பெயர்

கேள்வி: தேர்தலில் போட்டியிடுபவரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற ஆங்கிலச் சொல், ஒளிவுமறைவற்ற என்னும் பொருளுடைய ‘கேண்டிட்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்று ஒரு மேடைப் பேச்சில் கேட்டேன். இது சரியா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: சரியன்று. இரண்டும் உடன்பிறந்த சொற்கள். ஒன்று மற்றொன்றின் பிள்ளை அன்று.

இலத்தீனில் வெண்மைக்கு இரு சொற்கள் இருந்தன. ஒளியற்ற வெண்மை ‘அல்புஸ்’, பளிச்சிடும் வெண்மை ‘கந்திதுஸ்’. பண்டைய ரோமில் உயர்பதவிகளுக்குப் போட்டியிட்டவர்கள், இயற்கையான கம்பளி நிறத்தில் இருந்த தங்கள் ‘தோகா’ மேலாடையில் வெண்சுண்ணப் பொடியைத் தேய்த்து, கூட்டத்தில் தனித்துத் தெரியும்படி மின்னச் செய்துகொண்டு வாக்குக் கேட்கச் சென்றார்கள். அதனால் அவர்கள் ‘கந்திதாதுஸ்’, அதாவது வெள்ளாடை உடுத்தியவர், என்று அழைக்கப்பட்டார்கள். உடையைச் சுட்டிய பெயரே இது. ஒழுக்கத்திற்குத் தரப்பட்ட சான்றிதழ் அன்று.

இந்த வெண்மையாக்கும் வழக்கத்தைத் தடுக்கவே கி.மு. 432-இல் ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டதாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். தம் காலத்தில் அற்பமாகத் தோன்றும் இந்த விஷயம் அன்று பெரும் பூசலை மூட்டியது என்றும் அவரே சொல்கிறார். வழக்கம் எப்படியோ பிழைத்துக்கொண்டது, கி.மு. 64-இல் ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவிக்குப் போட்டியிட்ட சொற்பொழிவாளர் சிசரோ, தம் எதிராளிகளைத் தாக்கி ஆற்றிய உரைக்கே ‘வெள்ளைத் தோகாவில்’ என்று பெயர். வேட்பாளர்கள் உள்ளாடை இன்றி மேலாடை மட்டும் அணிந்ததற்குக் கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் தரும் காரணங்களில் ஒன்று, போரில் பெற்ற தழும்புகளைக் காட்டுவது என்பதாகும்.

அந்த மேடைப் பேச்சாளர், உயர வேண்டும் என்ற வேட்கையைக் குறிக்கும் ‘ஆம்பிஷன்’ என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘அம்பீரெ’ என்றால் சுற்றிவருதல். வாக்குக் கேட்டு ஊரைச் சுற்றியது ‘அம்பிதியோ’. அதன் இனச்சொல்லான ‘அம்பிதுஸ்’ நாளடைவில் தேர்தல் முறைகேட்டுக் குற்றத்தின் பெயராகி, கி.மு. 63-இல் கான்சலாக இருந்த சிசரோ கொண்டுவந்த சட்டத்தில் அதற்குப் பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனையாயிற்று.

‘கேண்டிட்’ என்பதோ நேரே ‘கந்திதுஸ்’ வழியாக வந்தது. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அதற்கு வெள்ளை என்ற பொருளும் இருந்தது. தூய்மை, நடுநிலை என்னும் பொருள்களைக் கடந்தே இன்றைய மனந்திறந்த பேச்சு என்ற பொருளை அடைந்தது. மெழுகுவத்தியைக் குறிக்கும் ‘கேண்டில்’, பிரெஞ்சு வழியாக வந்த ‘ஷாண்டலியர்’ ஆகியவையும், ஒளிர்தலைக் குறிக்கும் ‘கந்தேரெ’ என்ற இதே வேரில் கிளைத்தவையே.