கொரோனா ஊரடங்கு புற்றுநோயாளிகளையும் அவர்களுக்கான உதவிச் சேவைகளையும் எவ்வாறு பாதித்தது?

2020 ஊரடங்கின்போது சென்னையில் ஒரு மருத்துவமனையில் என் சித்தியின் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உடனிருந்தவன் என்ற முறையில் இக்கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். நான் கண்டவரை சிகிச்சை அறைகள் பெரும்பாலும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. நோயாளியை அந்த அறை வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கும் ரயில், குறைந்த வாடகை அறை, அன்னதானம், இரத்தக் கொடையாளர்கள் ஆகியவைதாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இல்லாமல் போயின.

தேசிய அளவிலான கணக்கும் இதையே காட்டுவதாக எனக்குத் தோன்றுகிறது. நாடு முழுவதும் உள்ள புற்றுநோய் மருத்துவமனைகளின் வலையமைப்பான தேசியப் புற்றுநோய்க் கூட்டமைப்பைச் சேர்ந்த 41 மையங்களில் 2020 மார்ச் முதல் மே வரை நடந்தவற்றை முந்தைய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வு, 2021இல் லான்செட் ஆன்காலஜி என்ற மருத்துவ இதழில் வெளியானது. அதன்படி புதிதாகப் பதிவு செய்துகொண்டோர் 54 சதவீதமும், பெரிய அறுவை சிகிச்சைகள் 49 சதவீதமும் குறைந்தன. கதிர்வீச்சு பெற்றவர்களின் எண்ணிக்கையோ 23 சதவீதம்தான் குறைந்தது. ஏற்கெனவே சிகிச்சையில் இருந்தவர்கள் எப்பாடுபட்டாவது வந்துவிட்டார்கள் என்றும், கட்டி இருப்பது தெரிந்தும் 'எல்லாம் அடங்கட்டும்' என்று வீட்டில் இருந்துவிட்டவர்களே விடுபட்டுப் போனார்கள் என்றும் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வாரத்தில் ஐந்து நாள் வீதம் ஏறத்தாழ ஐந்து வாரங்கள் கரண்ட், அதாவது வெளியிலிருந்து கதிர்வீச்சு, வைப்பார்கள். அதன்பின் உள்ளே கருவி பொருத்திக் கொடுக்கும் கதிர்வீச்சும் உண்டு. இவை அனைத்தும் எட்டு வாரங்களுக்குள் முடிந்துவிட வேண்டும், இடையில் நாள் விட்டால் கட்டிக்கு மீண்டும் வளர அவகாசம் கிடைத்துவிடும் என்று மருத்துவர் முதல் நாளே எச்சரித்திருந்தார். இந்நிலையில், எங்களுக்கு அறை கொடுத்திருந்தவர், வெளியூர்க்காரர்கள் யாருக்காவது தொற்று வந்தால் தெருவையே தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள் என்று அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வருவதாகச் சொல்லி, அறையைக் காலி செய்யச் சொன்னார். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தினமும் வந்துபோவது நடக்கிற காரியமா? நங்கநல்லூரில் தூரத்து உறவினர் ஒருவர் மாடி அறையை ஒழித்துத் தந்திராவிட்டால் சித்தியின் சிகிச்சை பாதியில் நின்றிருக்கும்.

ஊர் திரும்பியவர்களின் பாடு இன்னும் மோசம். மார்ச் மாதத்தில் ரயில்வே பெரும்பாலான கட்டணச் சலுகைகளை நிறுத்தியபோதும் நோயாளிகளுக்கான சலுகையை விட்டுவைத்தது. ஆனால் அடுத்த சில நாட்களில் பயணிகள் ரயில்களே நின்றுவிட்டன. மாவட்டம் தாண்ட இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்கு மருத்துவமனைக் கடிதத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பதிவேற்ற வேண்டும். எழுத்து தெளிவாக இல்லையென்றால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் சிகிச்சைக்குக் கைக்காசு செலவழிக்காத குடும்பங்கள், வாடகைக் காருக்காகக் கடன் வாங்கியதை அங்கே பார்த்தேன். மாநிலத்துக்குள் இ-பாஸ் முறை 2020 செப்டம்பர் 1 அன்றுதான் முடிவுக்கு வந்தது.

மருத்துவமனை வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்து வெப்பம் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. கீமோ என்ற புற்றுநோய் மருந்து ஏறிக்கொண்டிருப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் உடனடியாக உள்ளே அழைத்து மருந்து ஏற்ற வேண்டும். கொரோனா விதிப்படியோ காய்ச்சல்காரர் தனி வரிசைக்குப் போய்ப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். மே மாத வெயிலில் வரிசையில் நின்ற சித்திக்கு நெற்றி சுட்டதால், காவலாளி அவரை மர நிழலில் உட்காரவைத்து, தலைமுக்காட்டை எடுக்கச் சொல்லி, சற்று நேரம் கழித்து மறுபடி பார்த்துத்தான் உள்ளே விட்டார். அந்தக் காவலாளிக்கு இருந்த நிதானம் பலருக்கு இல்லை.

கல்லூரிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டதால் இரத்ததான முகாம்கள் நின்றன. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைச் சுமார் ஐந்து நாட்களுக்கு மேல் சேமித்து வைக்க முடியாது என்பதால், இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் பெற்றோர் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குழுக்களில் ஆள் தேடினார்கள்.

இந்தக் காலத்தில் நல்லதாக நடந்த ஒன்று, 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டதாகும். சிகிச்சை முடிந்து வெறும் மறுபரிசோதனைக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்தவர்கள் காணொளியில் மருத்துவரிடம் பேச முடிந்தது. ஆயினும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளை அவ்வழியில் எழுதித்தர அனுமதியில்லை. கடும் வலியைத் தணிக்கும் மார்பினும் அதில் அடங்கும். முற்றிய நிலையில் வலி தாங்காமல் கிடந்தவர்களின் வீட்டார், மார்பின் சீட்டைப் புதுப்பிப்பதற்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நேரில்தான் வர வேண்டியிருந்தது.