மார்க்கர் யார் கையில்?

கேள்வி: எங்கள் நூலகக் குழுவில் ஒன்பது பேர், எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். வாசகர்களில் பாதிப் பேர் மாணவர்கள் என்பதால் இந்த ஆண்டு இரண்டு இளைஞர்களையும் சேர்த்தோம். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது, இருவரும் வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் பேசுவதற்கு அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பீர்களா?
– ஒரு குழுச் செயலாளர்

பதில்: கொடுக்கலாம். ஆனால் முதலில் உங்கள் ஒன்பது பேருக்கு. கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஆரம்பத்தில் நீங்கள் கேட்பதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இளையவர்களை இரண்டு நாள் உட்காரவைத்து, கையை எங்கே வைப்பது, கருத்தை எப்படி மூன்று வரியில் சொல்வது என்றெல்லாம் கற்றுக்கொடுத்து அனுப்புவேன். அப்படிப் போன ஒரு பெண் முதல் கூட்டத்திலேயே எழுந்து பிரமாதமாகப் பேசினார். (பேசினாள் என்றுதான் முதலில் எழுதினேன், அடித்துவிட்டுத் திருத்தினேன்.) தலைவர், "ரொம்ப அழகாப் பேசுறே கண்ணு" என்று பாராட்டிவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அந்தப் பெண் சொன்ன யோசனை சரியா, தவறா, ஒரு வார்த்தை கிடையாது. அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பெண் வரவில்லை. என் பயிற்சியில் குறை இல்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது முதல் நாள் பெரியவர்கள் தனியாக, இரண்டாம் நாள் இளையவர்கள் தனியாக, மூன்றாம் நாள்தான் எல்லோரும் ஒன்றாக. பெரியவர்களின் நாளில் பாதி நேரம் ஒரே ஒரு பயிற்சிக்குப் போய்விடும்: கேள்வியைக் கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுவது. கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் நான்கு வருவதற்குள் பலருக்கும் பொறுக்காது, தாங்கள் கேட்ட கேள்விக்குத் தாங்களே பதில் சொல்லிவிடுவார்கள். உங்கள் இளைஞர்கள் வாய் திறக்காததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவரைக் கையில் கடிகாரத்தோடு உட்காரச் சொல்லுங்கள்.

இளையவர்களின் நாளில் பேச்சுக்கலை இல்லை. வரவு செலவுக் கணக்கை எப்படிப் படிப்பது, நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருளைச் சேர்க்க யாரிடம், எப்போது சொல்ல வேண்டும், வாக்கெடுப்பு எந்தக் கட்டத்தில் கேட்கலாம், இவைதான் பாடம். நீங்கள் இருபது வருடமாக உட்கார்ந்து உட்கார்ந்து கற்றுக்கொண்டவை இவை. இது தெரியாதவருக்குத் தைரியம் மட்டும் இருந்து என்ன பயன்?

மூன்றாம் நாளில் நான் வாங்கிய அடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பலகையில் 'சமம்' என்று பெரிதாக எழுதி, அதிகாரத்தைப் பகிர்வது பற்றி மாலை வரை விளக்கினேன். கருத்துச் சீட்டுகளில் ஒன்றில் ஒரே வரி: "காலையிலிருந்து மார்க்கர் உங்கள் கையில்தான் இருக்கிறது." அன்றிலிருந்து அரை மணிக்கு ஒருமுறை மார்க்கரைக் கைமாற்றிவிடுகிறேன்.

உங்கள் குழுவிலும் இப்படிச் சின்னச் சின்னதாகப் பாருங்கள். கூட்டம் பள்ளி, கல்லூரி நேரத்தில் நடக்கிறதா? பயணச் செலவை அவர்கள் முதலில் போட்டு அப்புறம் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறதா? நீங்கள் அவர்களை நீ, வா என்றும் அவர்கள் உங்களை ஐயா என்றும் கூப்பிட்டுக்கொண்டே சரிசமமாக விவாதிக்க முடியுமா? கூட்டத்துக்குள்ளாவது எல்லோரும் 'நீங்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் செயற்கையாக இருக்கும், பிறகு பழகிவிடும். நடவடிக்கைக் குறிப்பேட்டையும் புரட்டுங்கள். நான் பார்த்த பல குறிப்பேடுகளில் பெரியவர்களுக்குப் பெயர் இருக்கும், மற்றவர்கள் வெறும் 'இளைஞர் பிரதிநிதி'.

கேள்வி: எனக்கு 17 வயது. ஒரு குழுவில் 'சம பங்காளி' என்று சேர்த்தார்கள். போனால் முடிவெல்லாம் முன்பே எடுத்தாகிவிட்டது, எங்களைப் புகைப்படத்துக்கு நிறுத்துகிறார்கள். விலகி நாங்களே தனியாக ஏதாவது செய்யலாமா?
– ஒரு மாணவி

பதில்: புகைப்படத்துக்கு நிறுத்துவதற்குப் பெயரே இருக்கிறது, அலங்காரம். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஏணியாகக் காட்டினார். ஆட்டுவித்தல், அலங்காரம், பேருக்குச் சேர்த்தல் என்ற கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் இருப்பது இரண்டாவது படியில்.

தனியாகச் செய்வதைப் பற்றி: இளையவர்கள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்துவது அவர் ஏணியில் ஏழாவது படிதான். இளையவர்கள் தொடங்கி, பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுப்பது அதற்கும் மேலே, எட்டாவது. இந்த வரிசையில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சில வேலைகளில் பெரியவர்கள் தள்ளி இருப்பதே நல்லது. ஆனாலும் உடனே விலகாதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்பு அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள்: "இதில் இன்னும் முடிவாகாதது எது? அதில் எங்கள் வாக்குக்கு எத்தனை எடை?" நேர்மையாக, "இடமும் தொகையும் முடிவாகிவிட்டது, நிகழ்ச்சி உங்கள் கையில்" என்று பதில் வந்தால் அதை ஏற்று வேலை செய்யலாம். மழுப்பினால் கிளம்புங்கள், ஏன் கிளம்புகிறீர்கள் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு.

அந்தக் கடிதத்தில் சேர்த்துக்கொள்ள ஒரு வரி: 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு. உங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையோடு அது நிற்கவில்லை. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தரப்பட வேண்டும் என்கிறது. பதினெட்டு ஆகும்வரை உங்களுக்கும் அது பொருந்தும்.

கேள்வி: சமம், சமம் என்கிறீர்கள். ஏதாவது தப்பு நடந்தால் மாட்டிக்கொள்வது பெரியவர்தானே?
– ஒரு வாசகர்

பதில்: ஆமாம். முடிவெடுப்பதில் சமம், பாதுகாப்பில் சமம் இல்லை. இரவு வீடு திரும்புவது, ஒரு பெரியவரும் ஒரு சிறுவரும் தனித்திருக்காமல் பார்ப்பது, தனிப்பட்ட செய்திகள் அனுப்பாமல் எல்லோரும் பார்க்கும் குழுவில் மட்டும் எழுதுவது, இதெல்லாம் பெரியவர்கள் பொறுப்பு. இவற்றை வாக்குக்கு விடுவதில்லை. ஆனால் இதையே சாக்காக வைத்து, சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதையும் 'பாதுகாப்பு' என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். அப்படியும் ஒரு குழுவைப் பார்த்திருக்கிறேன்.