நாள்பட்ட எதுக்களிப்பு: கேள்வி பதில்

காரைக்குடியில் வயிறு, குடல் நோய்களைப் பார்க்கும் மருத்துவர் நான். நெஞ்செரிச்சல் பற்றிக் கேளுங்கள்.

தேவகோட்டை ஆச்சி: மூன்று வருடமாகக் காலைப் பலகாரத்துக்குப் பிறகு, அமிலத்தைக் குறைக்கும் பேன்டப்ரசோல் மாத்திரை போடுகிறேன். எரிச்சல் நிற்கவில்லை. வாய்வழியே குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோபி பார்க்கணுமா?

முதலில் நேரத்தை மாற்றுங்கள் ஆச்சி. சாப்பிடும்போதுதான் வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் விழிக்கும். அதற்குள் மருந்து ரத்தத்தில் சேர்ந்திருக்க வேண்டும். அதனால் பலகாரத்துக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பே போடுங்கள். 8 வாரம் அப்படிப் போட்டும் அடங்காவிட்டால் எண்டோஸ்கோபி பார்க்கலாம். விழுங்கும்போது அடைத்தாலோ, தானாக எடை குறைந்தாலோ, மலம் கறுத்தாலோ, ரத்தசோகை இருந்தாலோ உடனே வாருங்கள். இன்னொன்று: எண்டோஸ்கோபி சுத்தமாக வந்தாலும் எதுக்களிப்பு இல்லை என்று ஆகிவிடாது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு, அமிலம் எத்தனை முறை மேலேறுகிறது என்று 24 மணி நேரம் அளந்தால் தெரிந்துவிடும்.

புதுவயல் தம்பி: மாடி ஏறினால் நெஞ்சைப் பிசைகிறது. உட்கார்ந்து சோடா குடித்தால் சரியாகிறது. கேஸ்தானே?

உங்களுக்குச் சரியானது சோடாவாலா, உட்கார்ந்ததாலா? நடந்தால் வந்து, உட்கார்ந்தால் அடங்கும் வலி இதயத்தின் வலியாக இருக்கலாம். இன்றைக்கே ஈசிஜி எடுங்கள்.

கானாடுகாத்தான்: நம்ம ஊர்க் காரம்தானே இத்தனைக்கும் காரணம்?

பள்ளத்தூர்: அநியாயம்! எங்கள் ஆயா தொண்ணூறு வயது வரை காரமான உப்புக்கறி சாப்பிட்டார். ஒருநாள் நெஞ்செரிச்சல் என்றதில்லை.

கானாடுகாத்தான்: ஆயா சாயங்காலமே சாப்பிட்டுப் படுத்திருப்பார்!

கானாடுகாத்தான் கடைசியாகச் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. உணவுக்குழாயின் அடியில் ஒரு வளையத் தசை உண்டு. அது தளர்வதுதான் இந்த நோய். மிளகாய் சிலருக்கு எரிச்சலைக் கூட்டும்; தசையைத் தளர்த்துவது கொழுப்பும், வயிறு முட்டச் சாப்பிடுவதும். நம் வீட்டுச் சமையலில் மிளகும் சோம்பும் பட்டையும் மணக்கும், எண்ணெய் மிதக்காது. எண்ணெய் மிதப்பது ‘செட்டிநாடு’ என்று நம் பெயரைப் போட்டு விற்கும் ஓட்டல் குழம்பில். கல்யாண வீட்டில் ராத்திரி பத்து மணிக்குப் பந்தியில் உட்கார்ந்து, பதினொன்றுக்குப் படுத்தால் தயிர்சாதம்கூட எதுக்களிக்கும். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பிடுங்கள்.

பள்ளத்தூர்: அப்போ உப்புக்கறி?

மதியம் சாப்பிடுங்கள், அளவாக.

ஆத்தங்குடி: ராத்திரி பால் குடித்தால் அடங்குமா?

கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் பாலே அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

கோட்டையூர்: சாப்பிட்ட பிறகு மாத்திரை போடலாமா?

தேவகோட்டை ஆச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கண்டனூர்: மூன்று தலையணை வைத்துப் படுக்கிறேன்.

வேண்டாம், வயிறு மடங்கும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. கட்டை வையுங்கள். இடது பக்கம் சாய்ந்து படுங்கள்.

புதுவயல் தம்பி: ஓமத் தண்ணீர் குடித்துப் பார்க்கட்டுமா?

தம்பி, இன்னும் கிளம்பவில்லையா? வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள். வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஈசிஜிக்குப் போங்கள்.