ஆபத்தான நாய் எது? நாய்க்கடியும் இனத் தடையும்: கேள்வி பதில்

நான் கால்நடை மருத்துவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாய்களின் நடத்தைப் பிரச்சினைகளைப் பார்த்து வருகிறேன். கடித்த நாய்களும் என்னிடம் வருகின்றன, கடிபட்டவர்களும் வருகிறார்கள். உங்கள் கேள்விகளில் பல ஒரே மாதிரி இருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், பிட்புல், ராட்வைலர் மாதிரி இனங்களை மொத்தமாகத் தடை செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே? அரசுகள் ஏன் தயங்குகின்றன?

தயங்காமல் தடை செய்த நாடுகள் இருக்கின்றன. பிரிட்டனில் 1991-இல் ஆபத்தான நாய்கள் சட்டம் வந்தது. பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரேசிலீரோ என்று நான்கு வகைகளை வளர்க்கக் கூடாது என்றார்கள். ஆனால் இங்கிலாந்தில் நாய்க்கடிக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள் 1998-இல் லட்சம் பேருக்கு 6.34 ஆக இருந்து, 2018-இல் 14.99 ஆனார்கள். தடை நடைமுறையில் இருந்த காலம்தான் அது.

மிரட்டலான நாய் வேண்டும் என்று தேடுகிறவர், ஒரு இனம் தடையானால் பட்டியலில் இல்லாத அடுத்த இனத்தை வாங்குவார். எக்ஸ்எல் புல்லி அப்படிப் பரவியதுதான். பிட்புல் வம்சத்திலிருந்து உருவான நாய், ஆனால் பட்டியலுக்கு வெளியே. பல மரணங்களுக்குப் பிறகு அதையும் சேர்த்தார்கள். 2024 பிப்ரவரி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விலக்குச் சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம்.

நெதர்லாந்து 1993-இல் கொண்டுவந்த பிட்புல் தடையை, கடிகள் குறையவில்லை என்று 2008-இல் கைவிட முடிவெடுத்தது. அமெரிக்காவின் டென்வர் நகரம் 1989-இலிருந்து வைத்திருந்த தடையை 2020-இல் மக்களே வாக்களித்து நீக்கி, அனுமதி முறைக்கு மாறினார்கள். இந்தியாவில் 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசவில்லை என்பதை முக்கியக் காரணமாகச் சொல்லி, ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் தடை கொண்டுவந்த ஊர்களில், மருத்துவமனையில் சேரும் அளவுக்கான கடிகள் லட்சத்துக்கு 3.47-இலிருந்து 2.84 ஆகக் குறைந்ததாக ஓர் ஆய்வு உண்டு. எனவே தடையால் ஒரு பயனும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்பெயினின் அரகான் பகுதியிலும் டென்மார்க்கிலும் தேடியவர்களுக்கு அப்படி ஒரு பலன் தட்டுப்படவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மக்களின் உயிரை ஒப்படைக்கிற அளவுக்கு அந்த ஆதாரம் வலுவானது இல்லை என்பதே என் முடிவு.

கேள்வி: அப்படியென்றால் இனம் ஒரு பொருட்டே இல்லையா? "எல்லாம் வளர்ப்பில்தான் இருக்கிறது" என்று என் நண்பர் பிட்புல் வாங்கப் போகிறார்.

அவரை இதைப் படிக்கச் சொல்லுங்கள். 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, 2,000-க்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவைப் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். எளிதில் சீறும் குணம் என்று பார்த்தால் இனத்தின் பங்கு இன்னும் குறைவு. ஆக, இனப் பெயரை வைத்து ஒரு நாய் கடிக்குமா என்று சொல்ல முடியாது.

ஆனால் கடித்தால் என்ன ஆகும் என்பதை உடல்வாகு சொல்லும். சின்ன நாய் கோபத்தில் கடித்தால் தையல் போடுவோம். 50 கிலோ நாய் அதே கோபத்தில் கடித்து, விடாமல் உதறினால் உயிர் போகலாம். சண்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்த வம்சங்களில் பிடித்த பிடியை விடாத பழக்கம் இருக்கத்தான் செய்கிறது. வளர்ப்பு மட்டுமே எல்லாம் என்று நம்பி வலுவான நாயை வாங்குபவர், கவனம் குறைவாகத்தான் இருப்பார். உங்கள் நண்பரை நினைத்து எனக்கு உள்ள கவலை இதுதான்.

கேள்வி: பிட்புல் கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளுமாமே?

இல்லை. எல்லா நாய்க்கும் உள்ள தாடை எலும்பும் மூட்டும்தான் அதற்கும். பூட்டு என்று எதுவும் கிடையாது. அது விட விரும்பாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: தெருவில் போகிற நாயைப் பார்த்து அது தடை செய்யப்பட்ட இனமா என்று அதிகாரிகள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான். ஃபுளோரிடாவில் 120 நாய்களைக் காப்பக ஊழியர்களிடம் காட்டினார்கள். 62 நாய்களைப் பிட்புல் வகை என்றார்கள். மரபணுச் சோதனையில் அந்த வம்சம் இருந்தது 25 நாய்களில்தான். தினமும் நாய்களோடு புழங்குகிறவர்களுக்கே இந்த நிலைமை. இந்த ஊகத்தை நம்பித்தான் ஒரு நாயைக் கொல்வதும் ஒருவரைக் குற்றவாளி ஆக்குவதும் நடக்கிறது.

கேள்வி: உயிர் போகும் அளவுக்கு நாய் தாக்குவதற்கு உண்மையான காரணம் என்ன?

ஒரே காரணம் என்று இருப்பது அபூர்வம். அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய் தாக்கி இறந்த 256 பேரின் வழக்குகளைக் காவல்துறைப் பதிவுகளோடு சேர்த்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். 87 சதவீத வழக்குகளில், தடுக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை. 85 சதவீதத்தில், தாக்கப்பட்டவருக்கும் நாய்க்கும் பழக்கமே இல்லை, அல்லது மேலோட்டமான பழக்கம். 84 சதவீத நாய்களுக்குக் கருத்தடை செய்திருக்கவில்லை. 76 சதவீத நாய்கள் குடும்பத்தோடு பழகாமல், கட்டிப் போட்டோ கொல்லைப்புறத்தில் அடைத்தோ வளர்க்கப்பட்டவை. பத்தில் எட்டு வழக்குகளில் இப்படி நான்கு காரணங்களாவது ஒன்று சேர்ந்திருந்தன. நாயின் இனத்தை உறுதியாகச் சொல்ல முடிந்தது 18 சதவீதத்துக்கும் குறைவான வழக்குகளில்தான்.

காவலுக்கு என்று நாள் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும் நாய் எனக்குப் பெரிய பயம். மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரையான பருவத்தில் குட்டி யாரையெல்லாம் நல்லபடியாகச் சந்திக்கிறதோ, அவர்களைத்தான் பிறகு இயல்பாக ஏற்றுக்கொள்ளும். அந்தப் பருவத்தைக் கூண்டில் கழித்த நாய்க்கு, ஓடி வரும் குழந்தை என்பது புரியாத ஒரு பொருள்.

கேள்வி: எங்கள் நாய் மூன்று வயது மகளைப் பார்த்து இரண்டு முறை உறுமியது. கணவர் அடித்தார். இப்போது உறுமுவதில்லை. சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

இல்லை அம்மா. தயவுசெய்து இன்றே கவனியுங்கள். உறுமல் என்பது நாய் உங்களிடம் சொல்லும் கடைசி வார்த்தை. "எனக்குப் பயமாக இருக்கிறது, விலகிப் போ" என்று அது சொன்னது. அடி விழுந்ததால் சொல்வதை நிறுத்திவிட்டது, பயம் அப்படியே இருக்கிறது. இனி முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கலாம். "திடீரென்று கடித்துவிட்டது டாக்டர்" என்று வருகிறவர்களிடம் விசாரித்தால், முன்பு எப்போதோ உறுமலுக்கு அடி வாங்கிய கதை அடிக்கடி வெளியே வரும். 2009-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரிடம் நாய் பதிலுக்குச் சீறியிருக்கிறது.

முதல் வேலை, இருவரையும் பிரித்து வைப்பது. இடையில் கதவு அல்லது தடுப்பு இருக்கட்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருந்து பார்க்காமல், ஒரு நிமிடம்கூட இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள். கூடவே இருப்பது என்றால் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு இருப்பது. சாப்பிடும்போது, தூங்கும்போது, எலும்பைக் கடிக்கும்போது குழந்தை நாயின் அருகில் போகக் கூடாது.

அப்புறம், நாயை மருத்துவரிடம் காட்டுங்கள். காது வலி, மூட்டு வலி, பல் வலி இருக்கும் நாய் தொட்டாலே எரிச்சலாகும். வலி போனதும் உறுமலும் போன நாய்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உறுமலுக்கு முன்னால் வரும் சின்ன அறிகுறிகளையும் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். பசியில்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, உடல் அப்படியே விறைத்து நிற்பது. கடைசியில் சொன்னதைப் பார்த்தால் குழந்தையை உடனே தூக்கிவிடுங்கள். வாலை ஆட்டுகிறது என்று ஏமாறாதீர்கள், விறைத்த நாயும் வாலை ஆட்டும்.

கேள்வி: நீங்கள் நாய்களுக்காகவே பேசுகிறீர்கள். என் மகன் முகத்தில் தழும்போடு பள்ளிக்குப் போகிறான். அந்த நாய் அதற்கு முன்பே இரண்டு பேரைக் கடித்திருந்தது. எங்களுக்கு யார் பேசுவது?

உங்கள் கோபம் நியாயமானது. இரண்டு பேரைக் கடித்த நாய் மூன்றாவதாக உங்கள் மகனிடம் வரும்வரை யாரும் எதுவும் செய்யவில்லை. இனப் பட்டியலை நான் எதிர்ப்பதற்கு முதல் காரணமே இதுதான். பட்டியலில் இல்லாத நாய் என்றால் முதல் இரண்டு கடிகளையும் சட்டம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

நான் கேட்கும் சட்டம் இதைவிடக் கடுமையானது. முதல் கடியே பதிவாக வேண்டும். இயன் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் கடிகளை ஆறு நிலைகளாகப் பிரித்திருக்கிறார். பல் படாமல் வெறுமனே பாய்வது முதல் நிலை, மரணம் ஆறாவது. மூன்றாம் நிலையில் தோலில் பல் இறங்குகிறது. அந்த நிலையைத் தொட்ட எந்த நாயும், அது எந்த இனமானாலும், வெளியே வரும்போது கழுத்தில் வாரும் வாயில் மசில் என்கிற கூடையும் இருக்க வேண்டும். நடத்தையைப் பரிசோதித்துச் சான்று வாங்க வேண்டும். மீறினால் தண்டனை உரிமையாளருக்கு. ஏற்கெனவே கடித்த நாயை அவிழ்த்துவிட்டவர் இன்னொரு நாயை வளர்க்கவே தடை வேண்டும். இந்தியாவில் பாரதிய நியாய சம்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 291-ஆம் பிரிவு, விலங்கை அலட்சியமாக வைத்திருப்பதைக் குற்றம் என்கிறது. ஆனால் அதிகபட்சம் ஆறு மாதச் சிறையும் சிறு அபராதமும்தான். ஒரு குழந்தையின் முகத்துக்கு அது போதாது.

கேள்வி: நாய் பாய்ந்து வந்தால் என்ன செய்வது?

ஓடாதீர்கள், கத்தாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, கைகளை உடம்போடு ஒட்டி, கண்ணைப் பார்க்காமல் அசையாமல் நில்லுங்கள். பாய்ந்துவிட்டால் பை, குடை, நாற்காலி என்று கிடைத்ததை நடுவில் கொடுங்கள். கீழே விழுந்தால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடுங்கள். கடித்துப் பிடித்திருக்கும்போது இழுத்தால் சதை கிழியும்.

கடிபட்டதும் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுங்கள். காயத்தில் எதையும் பூசாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் வந்த காயம் என்றால், தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிய பிறகு காப்பாற்ற அநேகமாக வழி கிடையாது.

கேள்வி: எங்கள் நாய் பக்கத்து வீட்டுப் பெரியவரை மோசமாகக் கடித்துவிட்டது. கருணைக்கொலை ஒன்றுதான் வழியா?

எப்போதும் இல்லை. ஆனால் சில சமயம் ஆம். ஒரே கடியா, விடாமல் பல முறை கடித்ததா, காயம் எவ்வளவு ஆழம், எதனால் தூண்டப்பட்டது என்று தெரியுமா, அதை நாம் தவிர்க்க முடியுமா, உங்கள் வீட்டில் கதவை மறக்காமல் பூட்டும் ஆட்கள் இருக்கிறார்களா என்று நான் கேட்பேன். ஒரே கடி, காரணம் தெரிகிறது, பூட்டும் கைகள் இருக்கின்றன என்றால் முயன்று பார்க்கலாம். பல முறை ஆழமாகக் கடித்து, காரணமும் பிடிபடாத நாயை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படிக் கைமாறி வந்த ஒரு நாயை, அது மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டியைக் கடித்த பிறகு, நான்தான் ஊசி போட்டுத் தூங்க வைத்தேன். முதல் வீட்டுக்காரர் அது கடிக்கும் என்று யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. முதலில் பெரியவரைப் போய்ப் பாருங்கள். அவருடைய சிகிச்சைக்கு வேண்டியதைச் செய்யுங்கள். நாயை அறைக்குள் தனியாக வைத்துவிட்டு, நாளை என்னைக் கூப்பிடுங்கள்.