எழுதாதே என்று அம்மாயி சொன்ன வரி

“எழுத்தாளர்கள் எப்படி எழுதத் தொடங்குகிறார்கள், சிறுகதை எங்கிருந்து பிறக்கிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன்: இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அதில் எங்கள் லயத்து இஸ்தோப்பு, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் திண்ணை.

அங்கே எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஒரு வேலை உண்டு, கடுதாசி எழுதிக் கொடுப்பது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இங்கே என்றும் பங்கு பிரித்தது. ஒரே காம்பராவில் (அறையில்) வளர்ந்தவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். பக்கத்துக் காம்பரா அம்மாயியின் மகன் தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். “கெழவனப் பொதச்ச மண்ண விட்டு வரமாட்டேன்” என்று அம்மாயி இங்கேயே இருந்துவிட்டார்.

எனக்குப் பதினொரு வயது. கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் அம்மாயி உட்காருவார். நான் நீல நிற ஏர்மெயில் தாளை விரிப்பேன். “நான் நல்லா இருக்கேன்னு எழுது. பசு கன்னு போட்டிருக்குன்னு எழுது.”

மாட்டுப்பட்டி ஆறு மாதமாகக் காலி. பசுவை விற்றது எனக்கும் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன். “வித்தத எழுதிப்புடாத ராசா. அவன் அங்க மனசொடிஞ்சி போவான்” என்றார். கன்று போட்டதாகவே எழுதினேன். என்ன கன்று என்று மகன் கேட்டால் சொல்ல வேண்டுமே என்று அம்மாயியே யோசித்து, “கெடேரின்னு போடு, நெத்தியில வெள்ளச் சுட்டி” என்றார்.

நான் கேட்ட முதல் சிறுகதை அதுதான். அதைச் சொன்னவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

எட்டு வருடம் கழித்து அதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. வாசித்துப் பார்த்தால் என் அம்மாயி, “அன்பு மகனே, நமது பசு ஈன்றுள்ளது” என்று பேசிக்கொண்டிருந்தார். பாடப்புத்தகத் தமிழ்தான் எழுத்து என்று நம்பியிருந்தேன். எழுத ஆரம்பிக்கும் பலர் இங்கேதான் இடறுகிறார்கள் என்று நினைக்கிறேன். பிரட்டுக்களம் (காலையில் பேர் பதியும் இடம்), அரைப்பேர் (அரைநாள் கூலி), பிள்ளைக் காம்பரா (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) போன்ற சொற்களைக் கதைக்குள் விடக் கூச்சப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் போகிற நாளில்தான் ஒருவர் எழுதத் தொடங்குகிறார்.

எனக்கு அதைப் போக்கியவர் மலையகச் சிறுகதையாளர் என்.எஸ்.எம். இராமையா. 1961இல் இலங்கையின் தினகரன் நாளிதழில் வந்த அவருடைய ‘ஒரு கூடைக் கொழுந்து’ கதையை வாசித்தபோது, எங்கள் கொழுந்து மடுவமும் (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) அங்கே நடக்கும் பேச்சும் அச்சில் நிற்கக் கண்டேன். ஒரு பெண் பறித்த கொழுந்தின் எடைமேல் எழும் சந்தேகம் ஒரு கதைக்குப் போதும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது.

அவருக்கு முன்னும் ஆட்கள் உண்டு. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் தன் மலையகச் சிறுகதை வரலாற்றில் கோ. நடேசய்யர் வரை பின்னே போகிறார். நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டியவர், பத்திரிகை நடத்தியவர், கதையும் எழுதினார். கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் பாராளுமன்றம் போனவர். லயத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. 1960களில் வீரகேசரி நடத்திய மலையகச் சிறுகதைப் போட்டிகள் பல புதியவர்களை எழுதவைத்தன. ஆனால் இவர்கள் எல்லோருக்கும் அடியில் தாலாட்டும் ஒப்பாரியும், மன்மதன் கதையை விடிய விடிய ஆடும் காமன் கூத்தும் இருந்தன. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண், செத்தவரின் வாழ்க்கையில் எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த நிமிடத்திலேயே முடிவு செய்கிறாள். சிறுகதைக்காரர் மேசையில் உட்கார்ந்து பழகுவதும் அதைத்தான்.

ஆகவே எழுத ஆசையிருந்தால், வீட்டில் வயதானவர் ஒருவர் பேசுவதை அவர் சொன்ன சொல்லிலேயே இன்றிரவு எழுதி வையுங்கள். திருத்தாதீர்கள். ‘இத வெளிய சொல்லிப்புடாத’ என்று அவர் குரலைத் தாழ்த்தும் இடத்தில் கவனமாக இருங்கள். அதை அப்படியே அச்சேற்றக் கூடாது. ஆளை மாற்றி, ஊரை மாற்றி, அவர் மானம் போகாமல் எழுத வேண்டும். நான் அம்மாயி இறந்த பிறகுதான் அனுப்பினேன்.

திருத்தி எழுதிய கதை அச்சில் வந்ததும் இஸ்தோப்பில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். அம்மாயியோடு ஒரே மலையில் கொழுந்தெடுத்த ஒரு பெரியம்மா முடியும்வரை பேசவே இல்லை. பிறகு கேட்டார்: “அந்தப் பசுவ எதுக்கு வித்துச்சுன்னு நீ கேக்கவே இல்லியா தம்பி?”

என் இரண்டாவது கதை அந்தக் கேள்வியிலிருந்து வந்தது.