வகுக்காமலே பகா எண் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

4 கோடி இலக்கங்களுக்கு மேல் நீளும் பகா எண்ணைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஓர் எண் பகா எண்ணா என்று அறிய, அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தேன். இவ்வளவு பெரிய எண்ணை யார் வகுத்துப் பார்த்தார்கள்? வகுக்காமல் எப்படி நம்புவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. 136279841 இரண்டுகளைப் பெருக்கி, விடையில் 1 கழித்தால் வருவது அந்த எண். லூக் டுரான்ட் 2024 அக்டோபரில் கண்டுபிடித்தார். 41024320 இலக்கங்கள், வர்க்கமூலத்துக்கே 2 கோடி இலக்கங்களுக்கு மேல் வரும். பள்ளியில் படித்த முறை அங்கே வாசலிலேயே நின்றுவிடும்.

ஆனால் 2-இன் அடுக்கில் 1 குறைந்த எண்களுக்கு வேறொரு வழி உண்டு. 31-ஐ எடுத்துக்கொள்வோம், அது 2⁵−1. நான்கில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் வர்க்கம் கண்டு 2 கழித்து, 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 14. அடுத்து 196-இல் 2 போக 194, மீதி 8. அடுத்து 64-இல் 2 போக 62, மீதி பூஜ்யம். அடுக்கு 5, அதைவிட இரண்டு குறைவாக மூன்று படிகள். கடைசிப் படியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இதில் நம்பிக்கைக்கு வேலையே இல்லை, நிரூபிக்கப்பட்ட தேற்றம் இது. பிரெஞ்சுக் கணித அறிஞர் எடுவார் லூகாஸ் வழிகாட்டினார், அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் செம்மைப்படுத்தினார். வேறு வடிவ எண்களுக்கு இது உதவாது. மிகப் பெரிய பகா எண்களைத் தேடுகிறவர்கள் இந்த வடிவத்தையே சுற்றிவரக் காரணம் அதுதான்.

இந்த முறையில் என்னைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. பகு எண் என்று அது சொல்லிவிடும், காரணிகளை மட்டும் சொல்லாது. 1644இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் தந்த, இந்த வடிவப் பகா எண்களின் பட்டியலில் 2⁶⁷−1 பகா எண்ணாக இருந்தது. 1876இல் லூகாஸ் அது பகு எண் என்று நிறுவினார். எந்த எண்ணால் வகுபடும் என்று அவருக்கும் தெரியாது. 27 ஆண்டுகள் அப்படியே கிடந்தது. உடைந்தது என்று உறுதியாகத் தெரிந்தும், துண்டுகளை ஒருவரும் கண்ணால் காணாத எண்! 1903இல்தான் ஃபிராங்க் நெல்சன் கோல் அவற்றைக் கண்டெடுத்தார்: 193707721, 761838257287. இரண்டையும் பெருக்கினால் 147573952589676412927 வரும். பெருக்குவது ஒரு மாலை வேலை. பிரிப்பதற்குத்தான் அத்தனை காலம் ஆயிற்று.

நீங்களே ஒன்று செய்து பாருங்கள். 2¹¹−1 என்பது 2047. மூன்றாம் படியில் மீதி 788. அங்கிருந்து பேனாவும் தாளுமாகத் தொடர்ந்தால் ஒன்பதாம் படியில் 1736 வர வேண்டும். பூஜ்யம் இல்லை, எனவே பகு எண். 23, 89 என்ற அதன் காரணிகள் அந்தக் கணக்கில் எங்கேயாவது தட்டுப்படுகின்றனவா என்று எனக்கு எழுதுங்கள்.